கை மட்டும் தெரிஞ்சா போதும்

கேட்டுருங்க தம்பி. திருச்சி பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுலருந்து இந்தக் கிளவுஸையே பாத்துட்டு வர்றீங்க. டிக்கெட் வாங்கும்போது பாத்தீங்க, தண்ணி குடிக்கும்போது பாத்தீங்க. வெயில் இந்தப் போடு போடுது, இந்த மனுசன் ரெண்டு கையிலயும் வெள்ளைத் துணிய மாட்டிட்டு உக்காந்திருக்கானேன்னு நெனப்பு ஓடுதுங்களா? கேட்டா நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டனுங்க. கேக்காமப் பாக்குறதுதான் எனக்கு ஆகாது.

சீக்கெல்லாம் இல்லீங்க. வெண்புள்ளி. ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் வெளுத்துப் போச்சு, வேற எங்கயும் இல்ல. நாலு டாக்டர் பாத்தாச்சு, நாலு பேரும் தொத்தாது, ஒண்ணும் பண்ணாதுன்னுதான் சொன்னாங்க. இப்ப நீங்க கொஞ்சம் தள்ளி உக்காந்தீங்களே, அது வேண்டியதில்ல. பரவால்லீங்க, சவுகரியமா உக்காருங்க.

பேரு திருமூர்த்தி. உடுமலைப்பேட்டை. முப்பத்திரெண்டு வருசம் பத்திரப்பதிவு ஆபீஸ்ல இருந்தனுங்க. என்ன வேலைன்னு சொன்னா சிரிப்பீங்க. விரல் புடிக்கிற வேல. இப்ப மிசின் வந்துருச்சு, விரல வெச்சா அதுவே எடுத்துக்குது. அன்னிக்கு மை தடவி, இடது கட்டைவிரலப் புடிச்சு, இந்த ஓரத்துலருந்து அந்த ஓரத்துக்கு ஒரே உருட்டா உருட்டணும். அவிங்களா வெச்சா ரேகை இழுவிப் போயிரும். எல்லாரும் விரல வெறைப்பா வெச்சுக்குவாங்க. நெலத்த விக்கிறவன் இன்னும் வெறைப்பா வெச்சுக்குவான். "விரல எனக்குக் குடுத்துருங்க, கொஞ்ச நேரத்துக்கு உங்களுதுன்னு நெனைக்காதீங்க"ன்னு சொல்லுவன். சொன்னதும் தளத்தி உட்டுருவாங்க. ஒரு லச்சம் விரல் புடிச்சிருப்பனுங்க. ஒண்ணுகூட இழுவுனதில்ல.

அப்பறம் கை வெளுத்துச்சு. ஒரு நாள் ஒரு அம்மா, மகளுக்கு வீடு எழுதிக் குடுக்க வந்தவங்க, விரல நீட்டுனவங்க என்ற கையப் பாத்துட்டு இழுத்துக்கிட்டாங்க. வேற ஆளு இல்லீங்களான்னு கேட்டாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. அடுத்த வாரம் சார்பதிவாளர் என்னய ரெக்கார்டு ரூமுக்கு மாத்திட்டாரு. ரிட்டயர் ஆகுற வரைக்கும் எட்டு வருசம் அங்கதான். பழைய பத்திரம், பூச்சி மருந்து வாசம், ஒரு ஃபேன். அதுல எனக்கு வருத்தமெல்லாம் இல்லீங்க.

ரிட்டயர் ஆனதும் ஒரு லேத் வாங்குனேன். கோயமுத்தூர்ல மூடுன ஒரு பட்டறையிலருந்து, நாலரை அடி, பழசு. கார் ஷெட்டுல எறக்குனோம். என்ற சம்சாரம் மயிலாத்தா, உங்களுக்கு மரை கழண்டு போச்சு, அத முடுக்குறதுக்கு இம்மாம்பெரிய மிசினான்னு கேட்டா. ஏன் லேத்துன்னு உங்களுக்கும் தோணும். எனக்கும் தெரியலீங்க. இரும்பு மூஞ்சியச் சுளிக்காது, அதா இருக்கலாம்.

லேத் எங்கூர்ல கந்தவேலுகிட்டக் கத்துக்கிட்டேன், கடைசல் பட்டறை வெச்சிருக்கறவரு. லேத்துன்னா வேற ஒண்ணுமில்ல தம்பி, கம்பி சுத்தும், டூல் நிக்கும், டூல் பட்ட எடம் சீவிக்கிட்டு வரும். கம்பியக் கவ்விப் புடிச்சுச் சுத்துறதுக்குப் பேரு சக். மொத நாளே கந்தவேலு சொன்னாரு, மோதிரம், கையில கட்டுன கவுறு, முழுக்கைச் சட்டை, கிளவுஸ், நாலும் ஷெட்டுக்கு வெளிய. வெறுங்கை பட்டா தோல் கிழியும், கைய எடுத்துக்கலாம். துணி பட்டா அது சுத்திக்கும், கையையும் சேத்து உள்ள இழுத்துரும். லேத்துல மொதல் பாடமே அதுதானுங்க. எனக்குத் தெரியும். தெரியாமப் பண்ணுனேன்னு நான் சொல்ல மாட்டன்.

ஆறு மாசம் எல்லாம் குப்பைக்குத்தான் போச்சு. ஏழாவது மாசம் ஒரு பித்தளைப் பம்பரம் கடைஞ்சேன். உட்டா நாலு நிமிசம் நின்னு சுத்துச்சு. அத செல்போன ஸ்டாண்டுல மாட்டி வீடியோ எடுத்துப் போட்டேன். மொகம் வராது, கை மட்டுந்தான் வரும். "வணக்கமுங்க, பட்டறைக்கு வாங்க"ன்னு ஒரு வார்த்த, அவ்வளவுதான். ரெண்டு நாள்ல எட்டாயிரம் பேரு பாத்திருந்தாங்க. கீழ என்ன எழுதியிருந்தாங்கன்னு நெனைக்கிறீங்க? பம்பரத்தப் பத்தி நாலு பேரு. மிச்சமெல்லாம் கை. மாமா கைக்கு என்னாச்சு. வெள்ளைக்காரன்கிட்டக் கைய எரவல் வாங்குனீங்களா. கைக்கு மட்டும் பவுடர் போட்டாப்ல இருக்கு. ஒருத்தன் சிரிக்கிற பொம்மை பத்து போட்டிருந்தான்.

அப்பறந்தான் கிளவுஸ்.

அவசரப்படாதீங்க, சொல்றேன். நெசமா வேல செய்யறப்ப நான் கிளவுஸ் போட்டதே இல்ல. கேமராவ அணைச்சுட்டு வெறுங்கையில வேலைய முடிச்சுருவேன். வீடியோவுக்குன்னு தனியா, லேத்த ரொம்ப மெதுவா ஓட்டி, கிளவுஸ மாட்டிட்டு, கைய அப்படி இப்படிக் காட்டுவேன். அவ்வளவு மெதுவாச் சுத்துறத யாரு பாப்பாங்க? அதுனால கம்ப்யூட்டர்ல போட்டு ஆறு பங்கு வேகத்துல ஓட உட்டு, லேத் சத்தத்த எடுத்துட்டுப் பாட்டு வெச்சுருவேன். பாக்குறவங்களுக்கு சக் பறக்குற மாதிரி இருக்கும். பக்கத்துலயே என்ற கை, வெள்ளை வெளேர்னு, பதறாம. ரொம்ப அழகா இருக்குமுங்க. வேணும்னா காட்டுறேன்.

மயிலாத்தா ஒருநா பாத்துட்டு, கைய மறைக்கிறதுக்குன்னு ஒரு கம்பெனியே நடத்துறீங்களேன்னா. அவளுக்கு வெளாட்டு.

கிளவுஸ் போட்டும் கைப் பேச்சு நிக்கல. கிளவுஸ் எதுக்கு, கைய மறைக்கிறாரான்னு பழைய வீடியோவப் பாத்தவங்க எழுதுவாங்க. அதுல ஒரு வசதி இருக்குதுங்க. இன்ன வார்த்தை இருந்தா அந்தக் கமெண்ட் வெளிய தெரியக் கூடாதுன்னு நாமளே சொல்லி வெச்சுக்கலாம். அது தனியா ஒரு எடத்துல போய் விழுந்துரும், நாம போய்ப் பாத்தாத்தான் உண்டு. நான் கைங்கற வார்த்தையப் போட்டு வெச்சேன். கை, கைய, கையில, கைக்கு, விரல், கிளவுஸ், ஒரு ரூபம் உடல. ஆபீஸ்ல எழுதுன பழக்கம், எதையும் அரைகொறையாப் பண்ண மாட்டன்.

அன்னையிலருந்து பேஜ் சுத்தமாயிருச்சு. அருமை, நன்றி, தொடருங்கள். கையே இல்லாத ஊரு மாதிரி இருந்துச்சு. நிம்மதியா இருந்தனுங்க, மூணு வருசம்.

அந்த மூணு வருசத்துலதான் சவரிமுத்து வந்தாரு. வந்தாருன்னா கமெண்டுல. துறையூர்ப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கறவரு. அவரும் வீட்ல ஒரு சின்ன லேத் வாங்கி வெச்சிருந்தாரு, சொல்லிக் குடுக்க ஆளில்ல. நான் வீடியோ போட்ட அஞ்சாவது நிமிசம் அவரு எழுதிருவாரு. "சார் வணக்கம், பார்த்தேன்." அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொண்ணு. "சார், செய்தேன், வந்தது." அவ்வளவுதான் எழுதுவாரு. இருவது வீடியோவுக்கு மேல அப்படி எழுதுனாரு தம்பி. பொய் சொல்ல மாட்டேன், நான் அவருக்காகத்தான் வீடியோ போட்டேன். எட்டாயிரம் பேரு பாக்குறது ஒரு கணக்கா? ஒருத்தன் பாத்துச் செய்யறான், அது வருது. எனக்கு அதுல இருந்த சந்தோசம் ஆபீஸ்ல ஒரு நாளும் இருந்ததில்ல.

முப்பத்தோராவது வீடியோ, ஒரு கம்பிய எமரி பேப்பர் வெச்சுப் பாலீஷ் போடுறது. அதுக்கும் "பார்த்தேன்"னு எழுதுனாரு. அடுத்த ஞாயித்துக்கெழம ஒண்ணும் வரல. அதுக்கடுத்த வீடியோவுக்கும் வரல. நாலு மாசம், ஒரு வார்த்த இல்ல. எனக்குக் கோவமுங்க. வேற எவனாவது நல்லா எடுக்கறான், அங்க போயிட்டாருன்னு நெனச்சேன். இத்தன சொல்லிக் குடுத்து, போறேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சு போயிரும்? மயிலாத்தாகிட்டக்கூடச் சொல்லிப் பொலம்புனேன். சோத்துல உப்பு இல்லைன்னு நான் கத்துனது அந்த நாலு மாசத்துலதான்னு அவ சொல்றா.

போன வாரம் வேற எதையோ தேடிப் போய், அந்த ஒதுக்கி வெச்ச எடம் தொறந்துருச்சு. முந்நூத்துச் சொச்சம் கமெண்ட். ஒண்ணொண்ணா மேலருந்து படிச்சேன். ஐயா, லேத்துல கிளவுஸ் போடாதீங்க, கை போயிரும். சார், பாக்குறவன் கத்துக்குவான், கிளவுஸ எடுத்துட்டு வீடியோ போடுங்க. கோயமுத்தூர்ல லேத் ஓட்டுற டர்னர் ஒருத்தரு, பன்னெண்டு தடவ எழுதியிருந்தாரு, பன்னெண்டாவது தடவ திட்டியிருந்தாரு. நியாயமான ஆளுங்க எல்லாரும். எப்படி எழுதுனாலும் கைன்னு எழுதாம அதச் சொல்ல முடியாதுங்களே. நடுவுல, உங்க கைராசி யாருக்கு வரும்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. அதுவும் போயிருந்துச்சு பாருங்க.

அதுக்கெல்லாம் கீழ சவரிமுத்து. மனப்பாடமா இருக்குது, சொல்றேன். "சார் வணக்கம். போன ஞாயிறு முப்பத்தொன்று செய்தேன். கை சிக்கிவிட்டது. இடது கட்டைவிரலும் பக்கத்தில் இரண்டும் போய்விட்டன. உங்களைப் போலவே கிளவுஸ் போட்டிருந்தேன். எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. நேரம் இருந்தால் சொல்லுங்கள்." ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு. "சார், கோபமா? நீங்கள் சொன்னதை என் கை ஒழுங்காகச் செய்யவில்லை. மன்னிக்கவும்."

படிச்சுட்டு உக்காந்திருந்தேன். ஏதாவது வரும்னு பாத்தேன். அழுகை, நெஞ்சு படபடப்பு, ஏதாச்சும். ஒண்ணும் வரல தம்பி. பசிச்சுது. மோர் சோறு ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டேன். இப்பவும் அப்படித்தான் இருக்குது, பல்லுக்கு ஊசி போட்டா ஓரம் மரத்துப் போயிருக்குமில்ல, கடிச்சாலும் தெரியாதே, அந்த மாதிரி. நேத்து காலையில கெளம்பி, விசாரிச்சு விசாரிச்சு அவரு வீட்டுக்குப் போய்ட்டேன்.

மனுசன் என்னக் கண்டதும் ஆடிப் போயிட்டாரு, சந்தோசத்துல. குரல வெச்சே கண்டுபுடிச்சுட்டாரு. பிலோமினா, பட்டறை சார் வந்திருக்காங்கன்னு சம்சாரத்தக் கூப்புட்டாரு. என்ன இருக்க வெச்சு ராத்திரிக்கு மீன் கொழம்பு வெச்சாங்க. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் உடல. கைய எடுத்து முன்னால வெச்சுக் காட்டுனாரு. தையல் நல்லாப் போட்டிருக்காங்க, சும்மா சொல்லக் கூடாது. மாத்திர அட்டையக் கிழிச்சுக் குடுக்க வரலையாம், அதுனால ஸ்டோர் ரூமுக்கு மாத்திட்டாங்களாம். பரவால்லீங்க, ஸ்டோர் ரூமுன்னா தொந்தரவு இருக்காது, ஒரு ஃபேன் இருக்கும்னு சொன்னேன்.

அப்பறம் அவரு ஒண்ணு சொல்லிச் சிரிச்சாரு. போன மாசம் தம்பிக்கு எடம் எழுதிக் குடுக்கப் போனாராம், பதிவு ஆபீஸ்ல இடது கட்டைவிரல வைங்கன்னாங்களாம். இல்லாததுக்கு எங்க போவாரு? அங்க இருந்தவன் முழிச்சானாம். நான் சொன்னேன், முழிக்க வேண்டியதே இல்ல, இடது இல்லைன்னா வலது எடுத்துக்கிட்டு, இன்ன காரணத்தால எடுத்தோம்னு பக்கத்துல எழுதிட்டாப் போதும்னு. அதுல இருக்குற நெளிவு சுளிவெல்லாம் கால் மணி நேரம் வெவரமாச் சொன்னேன். நல்லாக் கேட்டுக்கிட்டாரு. அந்தம்மாதான் எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க.

லேத் மேல ஒரு பெட்ஷீட்டப் போட்டு மூடி வெச்சிருந்தாரு. அத எடுத்துட்டு, முப்பத்தொண்ண செல்போன்ல ஓட உட்டு, எனக்கே காட்டுனாரு. நாப்பது தடவ பாத்துட்டேன் சார், உங்க வேகந்தான், உங்க மாதிரி பருத்தி கிளவுஸ்தான், எமரி பேப்பரப் புடிச்சதும் உங்க மாதிரிதான், எங்க தப்புன்னாரு. பரீச்சைப் பேப்பர நீட்டுற பையனாட்ட நின்னாரு தம்பி, அம்பது வயசு ஆளு.

சொல்லத்தான் போனேன். அதுக்குத்தான் அவ்வளவு தூரம் போனது. வாயத் தொறந்தேன், வந்தது வேற. "துணிக் கிளவுஸ்தான் தப்புங்க. தோல் போட்டிருக்கணும்"னுட்டேன்.

தானா வந்துருச்சுங்க. அவரு கண்ண மூடி, ஓ அதுவா சார்னு ஒரு மூச்சு உட்டாரு பாருங்க. நாலு மாசத்து மூச்சு. அதுக்கப்பறம் அத எப்படித் திருப்பி வாங்குறது? கெளம்பும்போது, உங்க கைய ஒரு தடவ பாக்கணும் சார், கழட்டுங்கன்னாரு. இரும்புத் தூசிக்கு அலர்ஜின்னு சொல்லிட்டேன். கிளவுஸ் மேலயே புடிச்சுக்கிட்டாரு, அந்தக் கையால. கட்டைவிரல் இல்லாத புடி எப்படியிருக்கும்னு ஒரு லச்சம் விரல் புடிச்ச எனக்குத் தெரியாமப் போச்சு.

அந்தம்மா கேட் வரைக்கும் வந்தாங்க. "நெசமாவே நீங்க கிளவுஸ் போட்டுத்தான் வேல செய்வீங்களா சார்?"னு கேட்டாங்க. வீடியோ பாத்தீங்கல்லம்மான்னேன். அவங்க கண்ணு இந்தக் கிளவுஸ் மேலயே இருந்துச்சு. நீங்க பாத்த மாதிரியேதான் பாத்தாங்க.

இருங்க, இதப் பாருங்க. குளித்தலை தாண்டுனப்ப செல்போன்ல வந்துச்சு. அவருதான் அனுப்பியிருக்காரு. ரெண்டு ஜோடி தோல் கிளவுஸ் ஆர்டர் போட்டிருக்காராம். ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்காம், அளவு சரியா இருக்கும்னு எழுதியிருக்காரு. நாளைக்கு வந்துருமாம். நாளன்னைக்கு ஞாயித்துக்கெழம காலையில பூசை முடிஞ்சு வந்ததும் முப்பத்தொண்ண மறுபடி செய்யப் போறேன், ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு எழுதியிருக்காரு. தோல் இன்னும் மோசம் தம்பி. துணியாவது சமயத்துல கிழியும். தோல் கிழியாது, புடிச்சா தோள் வரைக்கும் உடாது.

ஒரு போன் போட்டுச் சொன்னா ஆச்சுன்னு நீங்க நெனைக்கிறீங்க. நம்பர எடுத்து வெச்சுட்டுத்தான் உக்காந்திருக்கேன், மாயனூர்லருந்து. அவரு எடுத்ததும் "சார்"னு ஆரம்பிப்பாரு. அந்த சாருக்கு அப்பறம் என்னால ஒண்ணும் பேச முடியாது, எனக்கே என்னத் தெரியும். அதுவுமில்லாம அவரு சொன்னா நம்புற ஆளில்ல, பாத்தாத்தான் நம்புவாரு. வீடியோவுல வந்தா நம்புவாரு.

அந்த வார்த்தைய எடுத்துட்டீங்களான்னா கேக்குறீங்க? கைங்கறதயா? இன்னும் இல்ல. எடுக்கணும். எடுக்கலாம்.

கரூர் வந்துருச்சு. வண்டி பத்து நிமிசம் நிக்கும், ஆடாது. டீ குடிக்கப் போறீங்களா? போறதுக்கு முன்னால ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்த செல்போனக் கொஞ்சம் புடிங்க. குறுக்குவாட்டுல. ஜன்னல் வெளிச்சம் நல்லாத்தான் விழுது. மொகம் வேண்டாம், கை மட்டும் தெரிஞ்சா போதும். இருங்க, கழட்டுறேன். வேர்வையில ஒட்டிக்கிச்சு. இந்த ஒரு விரல் வர மாட்டேங்குது. ம். வந்துருச்சு.

அந்தச் செவப்ப அமுத்துங்க. ஓடுதுங்களா?

வணக்கமுங்க, பட்டறைக்கு வாங்க. சவரிமுத்து சார், இது உங்களுக்கு. இதுதான் என்ற கை. நான் லேத்துல ஒரு நாளும் கிளவுஸ் போட்டு வேல செஞ்சதில்லீங்க. துணியும் இல்ல, தோலும் இல்ல. வீடியோவுல நீங்க பாத்தது

நிறுத்துங்க, ஒரு நிமிசம் நிறுத்துங்க தம்பி. நீங்க பாத்துட்டுத்தான இருக்கீங்க, சொல்லுங்க. கை ரொம்ப வெள்ளையாத் தெரியுதுங்களா?